மீசைப்படி

தடாலென்று ஒரு கார்க் கதவு அறைந்து சாத்தப்படுகிறது, என் வலது கால் தானாக ஒரு அடி முன்னே போகிறது, முதுகு நிமிர்கிறது, ஒரு கை கதவின் கைப்பிடியைத் தேடி நீள்கிறது, இன்னொரு கை மேலுதட்டுக்குப் போகிறது, அங்கே ஒன்றும் இல்லை, காலையில் மழித்த வழவழப்புத்தான், அதற்கப்புறம்தான் கண் முழுசாகத் திறக்கிறது, இது ஓட்டல் வாசல் இல்லை, கீழ்ப்பாக்கத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு, மதியம் மூன்று மணி, நான் இங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் போட்டது நாலாவது மாடி ஷைலஜாவின் சின்னக் கார், ஆனால் என் காதில் விழுந்தது அதுவல்ல, பழைய அம்பாசிடரின் கனத்த கதவு, அது இந்தத் தெருவுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஷைலஜா இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வருகிறார், அங்கிள் நீங்க உக்காருங்க, நானே திறந்துக்கறேன் என்கிறார், சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்துதான் இருக்கிறது, எப்பத்தான் அங்கிள் உங்களை நான் ஜெயிக்கிறது என்று சிரிக்கிறார், சிரித்தபடி லிஃப்டுக்குள் போனவர் அதன் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, கேக்கணும்னே இருந்தேன், எங்க மாமனார் உங்களைப் பழைய ஓட்டல்ல பார்த்திருக்காராம், காது வரைக்கும் மீசை வெச்சிருந்தீங்களாமே, ஏன் எடுத்தீங்க என்கிறார், அது பெரிய கதைம்மா என்று நான் ஆரம்பிக்கிறேன், லிஃப்ட் பொறுமையில்லாமல் பீப் பீப் என்று கத்துகிறது, அவர் காலை எடுக்கிறார், கதவு மூடுகிறது, மேலே எண்கள் ஏறுகின்றன, ஒன்று, இரண்டு, மூன்று, எனக்கோ எண்கள் இறங்கிக்கொண்டே போகின்றன, வருஷம் வருஷமாக.

காது வரைக்கும் என்று மாமனார் சொன்னது குறைத்துச் சொன்னது, என் மீசை காதைத் தொட்டு, அங்கே ஒரு வளையம் போட்டு, மறுபடி கன்னத்துக்குத் திரும்பி வரும், இருபத்து நாலு வயசில் நான் காவலாள் வேலை கேட்டுத்தான் அந்த ஓட்டலுக்குப் போனேன், மேனேஜர் ரெபெல்லோ சார் என் சான்றிதழைத் தொடவே இல்லை, மேசையைச் சுற்றி வந்து இடப்பக்கம் நின்று பார்த்தார், வலப்பக்கம் நின்று பார்த்தார், துணிக்கடைப் பொம்மைக்குச் சட்டை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி, பிறகு தன் உதட்டுக்கு மேல் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, இதை இன்னும் வளர்ப்பியா மேன் என்றார், வளர்ப்பேன் சார் என்றேன், அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. சிவப்புக் கோட்டு, தங்கநிற ஜரிகை, வெள்ளைக் கையுறை, தலையில் விசிறி வைத்த டர்பன், மாசக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்தது, வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று வரிசையாகப் போய் அதற்குக் கீழே மீசைப்படி என்று ஒன்று, மெழுகுக்கும் எண்ணெய்க்கும் வாரம் ஒருமுறை கத்தரிப்பதற்குமாக, நான் சீட்டைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன், அப்பா கொத்தவால் சாவடியில் வெங்காய மண்டியில் எடை போடுகிறவர், எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் லேசாக ஆட்டி எடை பார்ப்பார், சீட்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தூரமாகப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார், இன்னாடா இது, மீசைக்குச் சம்பளமா, அப்போ மீசைதான் வேலைக்குப் போவுது, நீ சும்மா தொணைக்குப் போற என்றார். அன்றையிலிருந்து ஒருநாள் தவறாமல் நான் செருப்பு மாட்டும்போது உள்ளே இருந்து குரல் வரும், மீசை கெளம்பிடுச்சா, நீயும் கூடப் போய் பத்திரமா இட்டுனு வா.

நான் சிரித்துக்கொண்டே போவேன், ஆனால் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தால் அப்பா சொல்வது நிஜம்தான் என்று படும், ஓட்டலில் என் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது, மீசை இன்னிக்கு லீவா, மீசைக்கு டீ குடுத்தாச்சா, மீசையைக் கூப்பிடு ஒரு டாக்சி பிடிக்கணும் என்றுதான் பேச்சு, வெள்ளைக்காரக் குடும்பங்கள் என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும், குழந்தைகள் பிடித்து இழுத்துப் பார்க்கும், ஓட்டல் அச்சடித்த வண்ணத் தாளில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் என் மீசை இருக்கிறது, என் கண் பாதிதான் விழுந்திருக்கிறது. வீட்டில் பாக்கியம், என் மனைவி, தூங்கும்போது நான் மீசைக்கு மேல் கட்டிக்கொள்ளும் துணிப்பட்டையைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டே, நான் உங்களைக் கட்டிக்கினேனா, உங்க மீசையைக் கட்டிக்கினேனான்னே தெரியல, தலைகாணி உறையெல்லாம் மெழுகு நாத்தம் என்பாள், சொல்லிவிட்டு, பட்டை சுருக்கமில்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

ஆனால் கதவு வேறு, கதவை மீசை திறக்காது, அதை நான்தான் கற்றுக்கொண்டேன். கார் நிற்கும்போதே பின்கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இறங்குகிறவர் தலை இடித்துக்கொள்ளாமல் கூரை விளிம்பில் உள்ளங்கையை வைக்க வேண்டும், அவர் கால் முதல் படியில் படும்போது நான் கண்ணாடிக் கதவுக்கு வந்துவிட வேண்டும், அவர் மூன்றாவது அடி வைக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும், சத்தமே வரக்கூடாது, கதவு ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியக்கூடாது, அதுதான் வேலை, நான் மாதம் இரண்டு தடவை நானே கீலுக்கு எண்ணெய் விட்டேன், உலகத்திலேயே சத்தமில்லாத கதவு என்னுடையதுதான் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது, அந்தக் கர்வத்தை உடைத்தவர் வக்கீல் பிரமநாயகம்.

பாளையங்கோட்டைக்காரர், தூத்துக்குடி உப்பள முதலாளிகளின் வழக்குக்காக மாதாமாதம் கடைசி வாரத்தில் ஐகோர்ட்டுக்கு வருவார், காலையில் எழும்பூரிலிருந்து வாடகை அம்பாசிடர் அவரை ஏற்றிக்கொண்டு வரும், இறங்கியதும் கதவை அறைந்துதான் சாத்துவார், நாலு வயசில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது அவருக்கு, கையில் ஒரு மடக்குக் கம்பு, கறுப்புக் கண்ணாடி கிடையாது, எதுக்குவே கண்ணாடி, எனக்கு வெயில் அடிக்கப் போகுதா என்பார். முதல் தடவை வந்தபோது நான் என் பெருமைக்குரிய கதவை வழக்கம்போலச் சத்தமில்லாமல் திறந்து சல்யூட் அடித்து நின்றேன், அவர் இரண்டடி தள்ளி அப்படியே நின்றுவிட்டார், நான் நிற்கிறேன், அவர் நிற்கிறார், குளிர்காற்று வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து, யாரு நிக்கது, கதவு தொறந்திருக்கா மூடியிருக்கா என்றார், திறந்திருக்கு சார் என்றேன், அதைச் சொன்னாத்தானவே தெரியும், ஒம்ம கதவு பூனை மாதிரில்லா இருக்கு, நான் மூஞ்சியைக் கொண்டுபோய் மோதுனபொறவு சொல்லுவேரோ என்றார், கோபமாகச் சொன்னமாதிரியும் இருந்தது, வேடிக்கையாகச் சொன்னமாதிரியும் இருந்தது. அன்று மத்தியானம் முழுக்க எனக்கு மனசே ஆறவில்லை, வாய்விட்டுச் சொன்னால் கண் தெரியாதவர் வருகிறார் என்று வாசலுக்கே தம்பட்டம் போட்டமாதிரி ஆகும், சொல்லாவிட்டால் அவர் நிற்க வேண்டியிருக்கும், சாயங்காலம் அவர் கோர்ட்டிலிருந்து திரும்பினபோது கதவைத் திறந்துவிட்டு, கையுறையை உருவி, விரலில் கிடந்த மோதிரத்தால் பித்தளைக் கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டினேன், டொக் டொக், கதவின் விளிம்பு இங்கே இருக்கிறது, வழி இதற்கு இடப்பக்கம் என்று அதற்கு அர்த்தம், நான் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை, ஒரு நொடி தலையைச் சாய்த்துக் கேட்டார், கம்பை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்வை உள்ளவர் மாதிரி கையை வீசிக்கொண்டு உள்ளே நடந்து போனார். அதற்கப்புறம் மழை பெய்திருந்தால் மூன்று தட்டு, தரை வழுக்கும், பார்த்து வாருங்கள் என்று, இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் நடந்த பேச்சு, மாதத்துக்கு நாலு தடவையோ ஆறு தடவையோ, பத்து வருஷத்துக்கு மேல்.

அப்பா ஒரே ஒரு தடவை ஓட்டலுக்கு வந்தார், நான் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, கட்டம் போட்ட லுங்கியும் மண்டியின் வெங்காயச் சருகு ஒட்டின சட்டையுமாக, போர்ட்டிகோவில் அவர் கால் வைத்ததும் எனக்கு யார் என்றே தோன்றவில்லை, கால் சத்தம்தான் கேட்டது, மூன்றாவது அடியில் கதவு திறந்துவிட்டது, கை நெற்றிக்குப் போய்விட்டது, அப்பா டப்பாவோடு நின்று என்னையும் கதவையும் உள்ளே தெரிந்த பெரிய விளக்கையும் பார்த்தார், சாத்துடா, காத்து வீணாப் போவுது பாரு என்று மெதுவாகச் சொன்னார், டப்பாவைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார், தெருமுனை வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அன்று ராத்திரி சாப்பிடும்போது பாக்கியத்திடம் சொல்கிறார், உன் புருஷன் எனக்குச் சலாம் போட்டான்ம்மா, எடைக்கல்லு தூக்கின இந்தக் கைக்கு, நான் வாங்கிக்கினு வந்துட்டேன்.

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்கு என்னைவிட என் மீசையின் கவலைதான் அதிகம், காலை நேரம், ஜன்னலில் வெயில், நான் கஞ்சி புகட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னாடா, நான் போய்ட்டா உனக்கு மொட்டை போடுவானுங்க, மீசையை எடுப்பானுங்க, வேலைக்கு யாரு போறது என்கிறார், அப்பா சும்மா இருங்க என்கிறேன், நான் சொல்றதைக் கேளு, கொள்ளியை குணசீலன் வெக்கட்டும், அவனுக்கு மீசையே சரியா மொளைக்கல, எடுத்தாலும் ஒண்ணும் கொறையாது, நீ தள்ளி நில்லு, நான் ஒண்ணும் நெனைச்சிக்க மாட்டேன் என்கிறார், குணசீலன் என் தம்பி, அவனும் கட்டில் காலடியில் நின்று தலையாட்டுகிறான், ஆமாண்ணே, நான் வெக்கிறேன், அப்பாவே சொல்லிட்டாரு இல்ல. ஐப்பசி அடைமழையில் அப்பா போனார், ஓட்டேரி மயானத்தில் தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் நிற்கிறோம், எல்லாம் பேசி வைத்தபடிதான், குணசீலன் சட்டையைக் கழற்றிவிட்டான், நான் நாலு அடி தள்ளி உறவுக்காரர்களோடு நிற்கிறேன், சவரம் செய்கிறவர் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து, மூத்த பிள்ளை யாருப்பா, முன்னாடி வா என்று உரக்கக் கூப்பிட்டார், அந்தக் குரல் கேட்டதும் கார் வந்து நின்றால் எப்படியோ அப்படி என் வலது கால் தானாக ஒரு அடி முன்னே போய்விட்டது, முதுகும் நிமிர்ந்துவிட்டது. பதினைந்து வருஷமாகக் கூப்பிட்ட குரலுக்கு முன்னே போய்ப் பழகின கால், எங்கே போகிறோம் என்று அது கேட்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அண்ணே நீ இல்ல, நீ பின்னால வா என்று குணசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், பின்னால் வந்திருக்கலாம், ஒரே ஒரு அடிதான், ஆனால் அதைப் பின்னால் எடுத்து வைக்க என்னால் முடியவில்லை, கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன், கத்தி மேலுதட்டில் படும்போது சில்லென்று இருந்தது, நான் அழுதேனா என்று ஞாபகம் இல்லை, அப்பா இருந்திருந்தால் மீசை செத்துட்டுது, நீ பொழைச்சிக்கினே என்று சொல்லியிருப்பார் என்று தோன்றி, கொள்ளிச்சட்டியைத் தூக்குகிற நேரத்தில் வாயோரத்தில் சிரிப்பு வந்துவிட்டதுதான் ஞாபகம் இருக்கிறது.

பதினேழாம் நாள் வேலைக்குப் போனேன், வாசல் செக்யூரிட்டி என்னை உள்ளே விடவில்லை, கூரியரா, பின்பக்கம் போ என்றான், டேய் நான்தான் என்றேன், குரலைக் கேட்டுத்தான் வாயைப் பிளந்தான், ரெபெல்லோ சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார், முகத்தை எங்கே மேன் விட்டுட்டு வந்தே என்றார், அப்பா இறந்ததைச் சொன்னேன், அவர் கெட்டவர் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார், பிறகு விரல்விட்டு எண்ணினார், இது கல்யாண சீசன், புது வருஷ பார்ட்டி வருது, வளர எத்தனை மாசம் என்றார், காது வரைக்கும்னா ஒரு வருஷம் ஆகும் சார் என்றேன், தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் நாடகங்களுக்கு உடை வாடகை விடுகிற கடையிலிருந்து ஒரு பெட்டி வந்தது, அதில் பருத்திக் கயிறு மாதிரி ஒரு மீசை, பசையைத் தடவி ஒட்டினார்கள், கட்டபொம்மன் வேஷத்துக்கு வந்தவன் மாதிரி கண்ணாடியில் நிற்கிறேன், மூச்சு விட்டால் மூக்கில் கூச்சம், அன்று பதினோரு மணி வரைக்கும் தாங்கியது, அப்புறம் புழுக்கம், வேர்வை, ஒரு பெரிய குடும்பம் வந்து இறங்குகிறது, நான் விறைப்பாக சல்யூட் அடிக்கிறேன், அடித்த வேகத்தில் இடப்பக்க மீசை பிய்ந்து தாடைக்குக் கீழே தொங்குகிறது, அம்மா, மாமாவோட மீசை கழண்டுடுச்சு என்று ஒரு பொடிசு கத்துகிறது, போர்ட்டிகோ முழுக்கச் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை, ரெபெல்லோ சாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, சாயங்காலமே என்னைப் பின்வாசலுக்கு மாற்றினார்.

பின்வாசல் என்றால் சமையலறைப் பக்கம், இரும்பு ஷட்டர், காய்கறி வண்டி வரும், சலவைத் துணி வண்டி வரும், மீன் வரும், காக்கிச் சட்டையோடு நோட்டில் எழுதிக்கொண்டு நிற்க வேண்டும், அங்கே யாருக்கும் கதவு திறக்க வேண்டாம், அது எப்போதும் திறந்தே கிடக்கும். என் இடத்துக்கு ஏஜென்சி மூலமாக பிகானேரிலிருந்து கஜேந்தர் என்று ஒரு பையன் வந்தான், இருபத்தெட்டு வயசு, நிஜ மீசை, என்னுடையதைவிட ஒரு வளையம் கூட, நல்ல பையன், சாப்பாட்டு அறையில் என் பக்கத்தில்தான் உட்காருவான், என் வெறும் உதட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்க் குப்பியை நீட்டுவான், பாயீ, தடவு, ஜல்தி வரும் என்பான், நானும் தடவிக்கொள்வேன், அவனிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ஆனால் ஒருநாள் போட்டோ எடுக்கிறவர்கள் வந்து அவனை நிற்க வைத்துப் புது வண்ணத் தாளுக்குப் படம் எடுத்தார்கள், அன்றே ரெபெல்லோ சாரிடம் போய், சார் மீசை வளர்ந்ததும் என்னை முன்வாசலுக்குக் கூப்பிடுவீங்கல்ல என்றேன், பாக்கலாம் மேன், பாக்கலாம் என்றார், ஓட்டலில் முடியாது என்ற சொல்லே கிடையாது, பாக்கலாம் என்பதுதான் அதற்குச் சொல், எனக்கு அது தெரியும். வீட்டில் பாக்கியம் தினமும் காலையில் என் மோவாயைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பாள், வருது, வருது, கடுகு மாதிரி வருது என்பாள், சம்பளம் கொறைஞ்சா கொறையட்டும், நீங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா பேசவே மாட்டேங்கறீங்களே, அதான் எனக்குத் தாங்கல என்பாள், ஷட்டருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றாலும் ஒருத்தர்கூட மூன்றாவது அடி வைப்பதில்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா.

தீபாவளி விடுமுறையில், அப்பா போன அந்த மாதம் வக்கீல் வரவில்லை, கார்த்திகைக் கடைசியில் வந்தார், அன்று முகூர்த்த நாள், ஓட்டலில் பெரிய கல்யாண விருந்து, போர்ட்டிகோவில் கார் மேல் கார், இதற்கு அப்புறம் நடந்த முக்கால்வாசியை நான் பார்க்கவில்லை, பெட்டி தூக்குகிற பையன்களுக்குத் தலைவர் பெல் கேப்டன் தேவசகாயம் சொன்னது, ஆனால் அவர் சொல்லிச் சொல்லி, நான் கேட்டுக் கேட்டு, இப்போது நான் அங்கேயே தூணோடு தூணாக நின்று பார்த்த மாதிரி ஆகிவிட்டது, கண்ணை மூடினால் தெரிகிறது. அம்பாசிடர் வந்து நிற்கிறது, வக்கீல் இறங்குகிறார், தடாலென்று கதவை அறைந்து சாத்துகிறார், படி ஏறுகிறார், கஜேந்தர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறான், மூன்றாவது அடியில் சத்தமே இல்லாமல் கதவைத் திறந்து, மீசை நிமிர சல்யூட் அடிக்கிறான், வக்கீல் இரண்டடி தள்ளி நிற்கிறார், காதைச் சாய்க்கிறார், ஒன்றும் கேட்கவில்லை, கதவு தொறந்திருக்கா மூடியிருக்கா என்கிறார், கஜேந்தருக்கு அந்தத் திருநெல்வேலித் தமிழ் புரியவில்லை, இன்னொரு சல்யூட் அடிக்கிறான், பிறகு உதவி செய்கிற ஆசையில் அவர் புஜத்தைக் கெட்டியாகப் பிடித்து உள்ளே இழுக்கிறான், வக்கீல் உதறுகிறார், கையை எடும்வே, நான் என்ன உப்பு மூட்டையா என்கிறார், கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு நட்டநடுவில் நின்றுவிடுகிறார், இங்க எப்பவும் நிப்பாரே அவரு வரட்டும், அதுவரைக்கும் நான் நவுந்தாப்லதான்.

பெட்டி இன்னும் இறங்காததால் அம்பாசிடர் நகரவில்லை, பின்னால் மாப்பிள்ளை வீட்டுக் கார் ஹார்ன் அடிக்கிறது, அதற்குப் பின்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு வந்த வேன் அடிக்கிறது, அதற்குப் பின்னால் நாயனக்காரர்கள் வந்த வேன், அவர்கள் ஹார்னுக்குப் பதிலாக ஒரு இழுப்பு வாசித்தே விட்டார்களாம், ரெபெல்லோ சார் டையைச் சரிசெய்துகொண்டே ஓடி வருகிறார், குட் மார்னிங் சார், யார் வேணும் சார் என்கிறார், அதான், கதவுல ரெண்டு தட்டு தட்டுவாருல்லா, அவரு என்கிறார் வக்கீல், ரெபெல்லோ சாருக்கு விளங்கவில்லை, பேர் என்ன சார், பேரு கேட்டதில்ல, அது நான் செஞ்ச தப்பு என்கிறார் இவர், சரி, ஆள் எப்படி சார் இருப்பார், உயரமா, குள்ளமா, ஏதாவது அடையாளம் சொல்லுங்க என்று அவசரத்தில் ரெபெல்லோ சார் கேட்டுவிடுகிறார், வக்கீல் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, நல்ல ஆளுவே நீரு, என்கிட்டயா அடையாளம் கேக்கீரு என்கிறார், மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கி வந்து வேடிக்கை பார்க்கிறார்கள், அப்போதுதான் தேவசகாயத்துக்குப் பொறி தட்டியது, மாதாமாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வக்கீல் பின்னால் போகிறவர், அந்த டொக் டொக்கைக் கேட்டவர், அவர் சமையலறை வழியாக ஓடிவந்தார், நான் கோஸ் மூட்டையை எண்ணிக்கொண்டிருக்கிறேன், வாய்யா, வக்கீல் உன்னைக் கேட்டு வாசலை அடைச்சிக்கிட்டு நிக்கறார் என்று நோட்டைப் பிடுங்கி எறிந்தார்.

நான் ஓடுகிறேன், காக்கிச் சட்டையோடு, சமையலறை ஈரத் தரையில் சறுக்கி, வேலைக்காரர்கள் மிதிக்கக்கூடாத லாபிக் கம்பளத்தில், அத்தனை வருஷத்தில் அந்தக் கம்பளத்தை என் கால் அன்றைக்குத்தான் பார்க்கிறது, என் கதவு எதிரே வருகிறது, அதை உள்ளே இருந்து பார்ப்பதும் அன்றைக்குத்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயில், மாவிலைத் தோரணம், கூட்டம், கஜேந்தரின் சிவப்புக் கோட்டு, நான் மூன்றாவது அடி வைக்கிறேன், கஜேந்தர் யார் எவர் என்று பார்க்காமல் பழக்கத்தில் கதவைத் திறந்து எனக்கு ஒரு சல்யூட் அடிக்கிறான், அடித்தபிறகுதான் பாயீ என்று முழிக்கிறான், கதவு அத்தனை சத்தமில்லாமல் திறந்தது, எண்ணெய் விட்டிருக்கிறான், நல்ல பையன். நான் வக்கீலுக்கு எதிரே போய் நிற்கிறேன், மூச்சு வாங்குகிறது, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, வந்துட்டேரா, எங்கவே போயிட்டீரு, ஒரு மாசம் நான் வராட்டா ஓடிப்போயிருவேரோ என்கிறார், எப்படிக் கண்டுபிடித்தார் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை தெரியாது, ஐகோர்ட்டின் கிளை மதுரைக்குப் போகிறவரை அவர் வந்துகொண்டிருந்தார், அப்போதும் கேட்கவில்லை. ரெபெல்லோ சார் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு, தப்பா நினைக்காதீங்க சார், இவர் ஃபாதர் எக்ஸ்பயர் ஆயிட்டார், அதுல மீசை எடுக்க வேண்டியதாப் போச்சு, மீசை இல்லாம முன்னாடி எப்படி சார் நிறுத்தறது, கெஸ்ட் எல்லாம் மீசைதான் கேக்கறாங்க, அதான் பின்வாசல்ல போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வக்கீல் முதலில் கம்பைக் கைமாற்றிக்கொண்டு என் தோளைத் தேடித் தொட்டார், அப்பா தவறிட்டாகளாவே என்றார், ஆமா சார் என்றேன், வயசென்ன என்றார், எழுபத்தொண்ணு என்றேன், தோளில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை, பின்னால் ஹார்ன் சத்தம் நின்றுவிட்டிருந்தது, அன்றைக்கு நான் நின்ற அந்தப் படியைவிட்டு நான் இறங்கினது பத்தொன்பது வருஷம் கழித்து ஓய்வு பெற்றபோதுதான், மீசைப்படி இல்லாமல், தினமும் மழித்த முகத்தோடு, கஜேந்தர் இடப்பக்கம், நான் வலப்பக்கம், ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது, நான் வக்கீலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் புருவம் மெல்ல ஏறுகிறது, ரெபெல்லோ சார் சொன்னதில் ஏதோ ஒன்று இப்போதுதான் அவருக்கு உறைக்கிறது, என் பக்கம் குனிந்து, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுப்போய்க் கேட்கிறார், மீசையா, உமக்கு மீசையெல்லாம் இருந்துச்சாவே?